கையில் எடுத்துச் செல்ல முடியாத சொத்து

ஒரு கடையை விற்றால் கட்டிடம் இருக்கும், சரக்கு இருக்கும். வீடு வீடாகப் போய்ப் புல் வெட்டும் தோட்டக்காரர் தன் தொழிலை விற்றால் வாங்குபவருக்கு என்ன கிடைக்கும்? ஒரு பழைய வண்டி, புல் வெட்டும் இயந்திரம், கத்தரி, மண்வெட்டி. இவற்றைத் தனியாகவே வாங்கிக் கொள்ளலாமே!

ஆனாலும் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இந்தத் தொழில் விலைக்கு விற்கப்பட்டு வந்தது. விற்கப்பட்டது 'ரூட்'. அதாவது, எந்தக் கிழமை எந்தத் தெருவில் எந்த வீடு என்ற வாடிக்கை. கணக்குப் பதிவியலில் நாம் 'நற்பெயர்' என்று படிப்பது இதைத்தான்.

இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்கள் ஜப்பானியக் குடியேறிகள். அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டினர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று 1913-ல் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 1920-ல் அது மேலும் இறுக்கப்பட்டது. ஜப்பானில் பிறந்தவர்களுக்கு அப்போது குடியுரிமை கிடையாது. சொந்த நிலம் கிடைக்காதவர்களில் பலர் அடுத்தவர் வீட்டுத் தோட்டத்தைப் பராமரிக்கத் தொடங்கினார்கள். முதலீடு குறைவு, நிலம் தேவையில்லை. 1937-ல் தென் கலிஃபோர்னிய ஜப்பானியத் தோட்டக்காரர்களின் சங்கங்கள் ஒன்றிணையும் அளவுக்குத் தொழில் வளர்ந்தது.

ரூட்டின் விலை அதன் மாத வருமானத்தை வைத்துப் பேசப்பட்டது. விற்பவர் வாங்குபவரை வீட்டுக்காரரிடம் அழைத்துப் போய் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 1810-ல் எல்டன் பிரபு ஒரு வழக்கில் நற்பெயருக்கு விளக்கம் சொன்னார்: பழைய வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே வருவார்கள் என்ற வாய்ப்புதான் அது. தோட்டக்காரருக்கோ அந்த 'இடம்' கூடக் கிடையாது. வீட்டுக்காரரின் நம்பிக்கை மட்டும்தான் இருந்தது.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் விளைவாகச் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்! பலருக்குக் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய ஒரு வாரம். கையில் தூக்க முடிந்ததை மட்டுமே கொண்டு போகலாம். வண்டியையாவது வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். ரூட்டை யாரிடம் விற்பது? அதன் அருமை தெரிந்த சக தோட்டக்காரர்களும் அதே வரிசையில்தானே மூட்டையோடு நின்றார்கள்!

1945-ல் அவர்கள் திரும்பி வர வழி பிறந்தது. 1948-ல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. சுமார் 14.8 கோடி டாலர் கேட்கப்பட்டது, கிடைத்தது சுமார் 3.7 கோடி. எதிர்பார்த்த இலாபத்துக்கும் வருமானத்துக்கும் இழப்பீடு கிடையாது என்று அந்தச் சட்டமே சொன்னது. ஒரு ரூட்டின் மதிப்பே எதிர்பார்க்கும் வருமானம்தான். மண்வெட்டிக்குக் கணக்குக் காட்டலாம், பத்து வருட நம்பிக்கைக்கு ரசீது ஏது?

திரும்பியவர்களில் பலர் மறுபடியும் புல் வெட்டும் இயந்திரத்தைப் பிடித்தார்கள். ஒவ்வொரு வீடாக வாடிக்கை சேர்ந்தது. 1955-ல் தென் கலிஃபோர்னியத் தோட்டக்காரர் கூட்டமைப்பு உருவானது. பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போனதும், காலப்போக்கில் இந்தத் தொழில் மெக்சிகோவிலிருந்து வந்தவர்களின் கைக்கு மாறியது. அவர்கள் அதை 'ரூட்டா' என்று அழைத்தார்கள். அதுவும் விலைக்கு வாங்கி விற்கப்பட்டது.

1988-ல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, முகாமில் இருந்து அப்போது உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது.

நற்பெயரைப் 'புலனாகாச் சொத்து' என்று பாடப்புத்தகம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் அதை விற்க வேண்டுமென்றால், விற்பவர் வாங்குபவரோடு ஒரு வீட்டு வாசல் வரை சுதந்திரமாக நடந்து போக முடிய வேண்டும். 1942-ல் அந்தத் தோட்டக்காரர்களிடம் இல்லாமல் போனது அந்தச் சுதந்திரம்தான்.