செல் என்றொரு சிறிய அறை



கடந்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் ஓடி வந்தான். "ஃபாதர், உடம்புக்குள்ள செல் இருக்குன்னு அறிவியல் பாடத்துல போட்டிருக்கு. கடிகாரத்துக்குப் போடுறதும் செல். எங்கப்பா எந்நேரமும் கையில வச்சிருக்கிறதும் செல். எல்லாம் எப்படி ஒரே பேரு?" என்று கேட்டான். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவனுக்காகத் தேடியபோது, அவன் கேட்காத நான்காவது செல் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. சிறைச்சாலையில் இருக்கும் செல். நம் திருச்சபைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

முதலில் சிறுவனின் கேள்விக்கு வருவோம். இலத்தீனில் 'செல்லா' என்றால் சிறிய அறை. எண்ணெயும் திராட்சை இரசமும் வைக்கும் சரக்கறைக்கு அந்தப் பெயர். தேனடையில் தேனீ கட்டும் சிறு அறைகளுக்கும் அதே பெயர். 1665-இல் இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் என்ற அறிஞர் தக்கையை மெல்லியதாகச் சீவி உருப்பெருக்கியில் பார்த்தார். உள்ளே சுவர் வைத்துத் தடுத்த நுண்ணிய அறைகள் தெரிந்தன. அவற்றுக்குச் செல் என்று பெயரிட்டார். துறவியரின் அறைகளை நினைத்தே அவர் இப்படிப் பெயரிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். ஆனால் அவருடைய நூலில் அவர் ஒப்பிடுவது தேனடையோடுதான்! மின்சாரச் செல்லின் கதை சிறியது. தொடக்கக் காலத்தில் நீண்ட தொட்டியை அறை அறையாகத் தடுத்து, உலோகத் தகடுகளையும் அமிலத்தையும் வைத்துத்தான் மின்சாரம் எடுத்தார்கள். அப்பா கையிலுள்ள கைபேசிக்கு வந்தால் மறுபடியும் தேனடைதான். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியாளர்கள், ஒரு நிலப்பரப்பை ஆறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் அலைவரிசையை மாற்றிக் கொடுக்கலாம் என்று திட்டம் தீட்டினார்கள். அந்தக் கட்டத்துக்குச் செல் என்று பெயர். ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறது. நாமோ உயிரணு, மின்கலம், கைபேசி, கொட்டடி என்று பிரித்துச் சொல்கிறோம். அதனால் நமக்கு அந்த உறவு கண்ணில் படுவதில்லை.

இனி நான்காவதற்கு வருகிறேன். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் துறவிகள் தனித்தனிக் குடில்களில் வாழ்ந்தார்கள். அப்படிப்பட்ட ஓர் இடத்துக்குப் பெயரே 'கெல்லியா', அதாவது 'செல்கள்'. பிறகு 1084-இல் புனித புரூனோ பிரான்சு நாட்டு மலைப்பகுதியில் கார்த்தூசியர் சபையைத் தொடங்கினார். அங்கே ஒவ்வொரு துறவிக்கும் ஒரு செல். அறை என்பதைவிடச் சிறு வீடு என்றே சொல்லலாம். செபிக்க இடம், தச்சு வேலைக்கு இடம், சிறு தோட்டம், உணவு கொடுக்கச் சுவரில் ஒரு சிறு திறப்பு. ஆனால் அவர்கள் நள்ளிரவில் ஆலயத்தில் கூடிச் செபிக்கிறார்கள். வாரம் ஒருமுறை சேர்ந்து நடந்துபோய் மனம்விட்டுப் பேசுகிறார்கள். உள்ளே இருப்பவர் தாமாக விரும்பி வந்தவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1703-இல் திருத்தந்தை 11-ஆம் கிளமெண்ட், ரோமில் சான் மிக்கேலே என்ற இடத்தில் சிறுவர்களுக்கென்று ஒரு சிறை கட்டச் செய்தார். வளர்ந்த குற்றவாளிகளோடு சிறுவர்களையும் அடைத்துக் கெடுக்கக் கூடாது என்பதே நோக்கம். பகலில் பெரிய கூடத்தில் மௌனமாக வேலை. இரவில் ஆளுக்கொரு செல். கூடத்தில் பீடம் இருந்தது, திருப்பலி நடந்தது. கார்லோ ஃபொந்தானா என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வரைந்த திட்டம் அது. ஆங்கிலேயச் சிறைச் சீர்திருத்தவாதி ஜான் ஹோவர்ட் பின்னாளில் ரோமுக்குச் சென்று அதைப் பார்த்தார். நல்ல எண்ணத்தில் கட்டியதுதான். ஆனால் துறவியின் அறை கைதியின் அறையாக மாறிய வழியில் நம் கையும் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டாம்.

அந்த வழி அமெரிக்காவின் பிலடெல்பியா வரை சென்றது. 1829-இல் அங்கே திறக்கப்பட்ட பெரும் சிறையில் ஒவ்வொரு கைதிக்கும் ஒரு செல்: கூரையில் வெளிச்சம் விழ ஒரு துளை, பின்னால் சிறு முற்றம், உள்ளேயே செருப்புத் தைக்கும் வேலை, உணவுக்கு ஒரு சிறு திறப்பு, படிக்கத் திருவிவிலியம். கார்த்தூசியர் வீட்டை அப்படியே பெயர்த்து வைத்தது போல இருக்கிறது! ஆனால் சேர்ந்து செபிப்பதும் சேர்ந்து நடப்பதும் மட்டும் இல்லை. சக கைதியின் முகத்தைப் பார்க்கவே கூடாது. வெளியே அழைத்துச் சென்றால் தலையை முகமூடியால் மூடிவிடுவார்கள். தனிமையில் இருந்தால் மனம் வருந்தித் திருந்துவான் என்று நம்பினார்கள். 1842-இல் அங்கே சென்ற எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ், இதை நடத்துகிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்ற பொருளில் எழுதினார். உடலை வதைப்பதைவிட இது கொடியது என்பது அவர் கருத்து. அந்தச் சிறை தன் முறையை அதிகாரபூர்வமாகக் கைவிட 1913 வரை ஆயிற்று.

அதற்குள் அந்த முறை கடல் கடந்து நம் பக்கமும் வந்துவிட்டது. அந்தமானில் ஆங்கிலேயர் 1906-இல் கட்டி முடித்த சிறைக்குப் பெயரே செல்லுலார் சிறை. ஒரு நடுக் கோபுரம், ஏழு கிளைகள், மூன்று அடுக்குகள், ஏறக்குறைய 700 தனி அறைகள். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்த்திருக்கும். எதிரே இன்னொருவர் முகம் தெரியாது. தாழ்ப்பாளைச் சுவருக்குள் தள்ளிக் குடைந்து வைத்திருக்கிறார்கள், உள்ளிருப்பவர் கம்பிக்கு வெளியே கை நீட்டினாலும் எட்டாதபடி.

2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், ஒருவரைத் தொடர்ந்து 15 நாள்களுக்கு மேல் தனிமைச் சிறையில் வைக்கக் கூடாது என்கின்றன.

வருகிற ஞாயிறு அந்தச் சிறுவனுக்கு முதல் மூன்று செல்களையும் விளக்கிச் சொல்லிவிடுவேன். நான்காவதைப் பற்றி அவன் கேட்கவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை நம் பங்கிலிருந்து சிறைக்குப் போய்வரும் குழுவில் அவன் அம்மாவும் இருக்கிறார். அவரிடமே கேட்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.