கடுகு தந்த வேகம்

எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் ஒரு பிலிம் படத்தைப் பதிக்கும் என்பதே அதன் வேகம். 1871இல் இங்கிலாந்து மருத்துவர் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் வெள்ளி புரோமைடை ஜெலட்டினில் கலந்து கண்ணாடித் தகட்டில் பூசினார். அந்தத் தகடு மிக மந்தமானது. 1878இல் சார்லஸ் பென்னட், பூசுவதற்கு முன் அந்தக் கூழை நாட்கணக்கில் இளஞ்சூட்டில் வைத்தால் வேகம் பல மடங்கு கூடுவதைக் காட்டினார். சூட்டில் வெள்ளி உப்பின் படிகங்கள் பெரிதாகின்றன. பெரிய படிகம் அதிக ஒளியை வாங்குகிறது. ஆனால் அதே பெரிய படிகங்கள்தான் பிரிண்டில் மணல் தூவியதுபோல் 'கிரெய்ன்' ஆகத் தெரிகின்றன. வேகத்துக்கும் நயத்துக்கும் இடையிலான இழுபறி அங்கே தொடங்கியது.

படிகத்தின் அளவு மட்டும் காரணமில்லை. ஒரே செய்முறையில் ஒரு சரக்கு ஜெலட்டின் வேகமான பிலிமைத் தந்தது, மற்றொன்று தரவில்லை. 1925இல் கோடாக் ஆய்வகத்தின் சாமுவேல் ஷெப்பர்ட் இதற்கு விடை கண்டார். மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சப்படும் ஜெலட்டினில் நுண்ணளவு கந்தகச் சேர்மங்கள் இருந்தன; அவையே வேகத்தைக் கூட்டின. கடுகுக்குக் காரம் தரும் எண்ணெய் அவற்றில் ஒன்று. அது மாடு மேய்ந்த செடியிலிருந்து வந்தது. புகைப்பட வரலாற்றில் இதைவிட வியப்பான கண்டுபிடிப்பு அரிது. அதன்பின் ஜெலட்டினைச் சுத்தமாக்கி, கந்தகத்தை அளந்து சேர்க்க முடிந்தது. 1936இல் ஆக்ஃபாவின் ராபர்ட் கொஸ்லோவ்ஸ்கி தங்க உப்பைச் சேர்த்தார். கிரெய்ன் பெருகாமலே வேகம் மேலும் கூடியது.

இல்ஃபோர்டு நிறுவனத்தின் எச்.பி. என்ற வேகமான தகடு 1931இல் வந்தது. கோடாக்கின் ட்ரை-எக்ஸ் 1940இல் தாள் பிலிமாகவும், 1954இல் 35 மி.மீ. சுருளாகவும் வெளியானது. பிளாஷ் இல்லாமல் மேடையையும் இரவுத் தெருவையும் படமெடுக்கப் பத்திரிகையாளர்களுக்கு அது கைகொடுத்தது. அப்போது அதன் வேகம் 200. 1960இல் அமெரிக்க அளவுமுறை திருத்தப்பட்டதும் 400 ஆனது. பிலிம் மாறவில்லை, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டியே கொடுக்கட்டும் என்று பழைய கணக்கில் விட்டுவைத்திருந்த இடம் குறைக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இத்தகைய பிலிம் சிவப்பு உட்பட எல்லா நிறத்தையும் உணரும். ஆகவே சிவப்பு விளக்குக்கூட ஆகாது. கழுவும் டாங்கில் ஏற்றும் வரை முழு இருட்டு வேண்டும். டெவலப்பர், ஒளி பட்ட படிகங்களைக் கறுத்த வெள்ளியாக்கும். அசிட்டிக் அமிலம் அதை நிறுத்தும். மிஞ்சிய வெள்ளி உப்பை ஹைப்போ கரைத்துவிடும். பிறகு தண்ணீரில் அலச வேண்டும். வழக்கமான வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். வெப்பநாடுகளின் குழாய்த் தண்ணீரில் ஜெலட்டின் இளகிவிடும் என்பதால் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வைப்பதும், படிகாரம் சேர்த்துப் படலத்தை இறுக்குவதும் உண்டு.

வெளிச்சம் போதாதபோது 400 பிலிமை 1600 என்று வைத்து எடுத்து, கூடுதல் நேரம் கழுவுவது பத்திரிகைப் படக்காரர்களின் வழக்கமானது. இதற்குப் 'புஷ்' என்று பெயர். இதனால் பிலிமின் உண்மை வேகம் பெரிதாக ஏறுவதில்லை. ஒரு படிகத்தில் நாலைந்து வெள்ளி அணுக்களாவது ஒளியால் திரண்டிருந்தால்தான் டெவலப்பர் அதைப் பற்றும். நிழலில் எதுவும் பதியவில்லையென்றால், எத்தனை நிமிடம் ஊறவைத்தாலும் அங்கே படம் வராது. வெளிச்சப் பகுதிகள் மட்டும் அடர்ந்து, ஒளி-நிழல் வேறுபாடு கடுமையாகும்; கிரெய்னும் கூடும்.

1986இல் கோடாக் டி-மேக்ஸ் பிலிமில் தட்டையான படிகங்களைப் புகுத்தியது. ஒளி வாங்கும் பரப்பு பெரிது, கிரெய்ன் சிறிது. அதே வரிசையில் 1988இல் வந்த பி3200இன் உண்மை வேகம் ஏறக்குறைய 1000தான். 3200 என்பது புஷ் செய்வதற்கான எண். 2012இல் நிறுத்தப்பட்ட அது 2018இல் மீண்டும் வந்தது.

இந்தியாவில் ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் பிலிம் விற்றது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. ட்ரை-எக்ஸும் இல்ஃபோர்டின் எச்.பி.5 பிளஸும் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. அவற்றைக் கழுவ, 1920களில் கோடாக்கின் ஜான் கேப்ஸ்டாஃப் உருவாக்கிய டி-76 டெவலப்பரே இன்னமும் பயன்படுகிறது.