ஓடுபாதை தனியாருடையது, வாயில் யாருக்குரியது?

பொதுப் பயன்பாட்டுக்குரிய தனியார் விமான நிலையம் என்னும் தொடர் முதற்பார்வையில் முரணாகத் தோன்றும். சத்திரங்களை அறிந்த நமக்கு அதில் வியப்பில்லை. ஒருவர் தம் பொருளில் கட்டிய சத்திரத்தில் வழிப்போக்கர் எவரும் தங்கினர். இன்றைய தனியார் பேருந்தும் அத்தகையதே. வண்டி முதலாளியுடையது, ஆயினும் கட்டணம் செலுத்தும் பயணியை அவர் தம் விருப்பப்படி விலக்கிவிட முடியாது.

இந்திய வானூர்தி விதிகள் (1937) இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வரையறுத்தன. விமான தளத்துக்கான உரிமம் இருவகை. பொதுப் பயன்பாட்டு உரிமம் பெற்ற தளம் கட்டணம் செலுத்தும் பிறர் விமானங்களுக்கும் திறந்திருக்க வேண்டும். தனிப் பயன்பாட்டு உரிமம் பெற்ற தளத்தை உரிமையாளரும் அவர் அனுமதிப்போரும் மட்டுமே பயன்படுத்தலாம். நிலம் யார் பெயரில் உள்ளது என்பதைவிட வாயில் யாருக்குத் திறக்கிறது என்பதே பொருளாதார நோக்கில் முதன்மையானது.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு, ஒசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் உள்ள விமான தளம். தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. இத்தாலியின் பார்ட்டனாவியா நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, ஆறு இருக்கைகளும் இரு எந்திரங்களும் கொண்ட பி-68 சி விமானங்களைத் தயாரிக்க 1990-களில் முனைந்த நிறுவனம் அது. தேசிய வானூர்தி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா பயிற்சி விமானமும் அங்கே உருவாயிற்று. விமானத் தயாரிப்பு பெரிதாக வளரவில்லை; ஓடுபாதை நிலைத்தது. அதன் நீளம் ஏறத்தாழ 7,000 அடி. அரசுக்குச் சொந்தமான சேலம் விமான நிலையத்தின் ஓடுபாதையோ ஏறத்தாழ 6,000 அடிதான். பெரிய பயணிகள் விமானங்கள்கூடப் பராமரிப்புக்காக ஒசூரில் வந்து இறங்குகின்றன.

பயிற்சி விமானம், வாடகை விமானம், நோயாளியை ஏற்றிவரும் விமானம், நிறுவனங்களின் சொந்த விமானம் ஆகியவை கால அட்டவணைக்குள் அடங்காதவை. இவற்றுக்குக் கண்ணாடி மாளிகை வேண்டா. ஓடுபாதை, எரிபொருள், கொட்டகை, தீயணைப்பு வசதி போதும். ஆனால் ஓடுபாதையைப் பாதியாகப் போட முடியாது. நாளொன்றுக்கு ஒரு விமானம் இறங்கினாலும் ஐம்பது இறங்கினாலும் அதன் பராமரிப்புச் செலவில் பெரிய மாற்றமில்லை. இறங்குகட்டணம் சொற்பம். தளத்தால் விளையும் நன்மையின் பெரும்பகுதி சுற்றுவட்டத் தொழில்களுக்குச் செல்கிறது. உரிமையாளரின் கணக்கேட்டில் அது ஏறுவதில்லை. அவர் கணக்கில் ஏறுவது நிலத்தின் விலை. சுற்றிலும் மனைகள் பெருகும் ஊரில், ஓடுபாதையைவிட வீட்டுமனை இலாபகரமாகத் தோன்றும் நாள் வரத்தான் செய்யும்.

அமெரிக்கா இந்த இடரைக் கண்டது. பொதுப் பயன்பாட்டுக்குரிய ஏறத்தாழ 5,000 விமான நிலையங்கள் அங்குள்ளன. தனியாருக்குச் சொந்தமானவையும் அவற்றுள் அடங்கும். பெருநகர விமான நிலையத்தின் நெரிசலைத் தணிக்கும் துணை நிலையம் என்று அறிவிக்கப்பட்டால், தனியார் நிலையமும் கூட்டரசின் மேம்பாட்டு நிதியைப் பெறலாம். நிதி பெற்றவர் பாரபட்சமின்றித் தளத்தைத் திறந்து வைப்பதாக உறுதியளிக்க வேண்டும். நிலம் அவருடையதாகவே நீடிக்கும். வாயிலைத் திறந்து வைக்கும் கடமைக்குத்தான் அரசு பணம் தருகிறது.

பெங்களூருக்கு அத்தகைய துணை நிலையமாக ஒசூர் ஏன் கருதப்படவில்லை? 2008 மே மாதம் திறக்கப்பட்ட பெங்களூரு விமான நிலையத்துக்கான ஒப்பந்தம், மைசூரு, ஹாசன் நீங்கலாக 150 கி.மீ. சுற்றளவில் வேறு பன்னாட்டு விமான நிலையம் உருவாவதை 25 ஆண்டுகளுக்குத் தடுக்கிறது. முதலீட்டாளருக்கு அளித்த அந்த வாக்குறுதி 2033 வரை நீடிக்கும். அட்டவணை சாராத சிறு விமானங்களை அது தடுக்கவில்லை. பேளகொண்டப்பள்ளி இயங்கி வருவதே அதற்குச் சான்று. இதற்கிடையே, 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் ஒசூரில் அமையும் என 2024 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். அத்தனை நிலம் எடுக்கும் பேச்சில், இருக்கும் 7,000 அடி ஓடுபாதையின் எதிர்காலம் பற்றிய பேச்சு அரிதாகவே கேட்கிறது. பெரிய நிலையம் வந்த பின்னரும் பயிற்சி விமானங்களுக்கும் பராமரிப்புக்கும் தனியிடம் தேவைப்படும்; பெருவிமானங்களுக்கு இடையே சிறு விமானங்களை வரிசையில் நிறுத்துவது இரு தரப்புக்கும் வீண்செலவு.

தனியார் தளம் பொதுமக்களுக்குப் பயன்பட்டதற்கு அண்டை மாநிலத்திலேயே சான்றுண்டு. பல்லாரி மாவட்டம் தோரணகல்லில் ஜிண்டால் உருக்காலை தனக்காக அமைத்த தளத்திலிருந்து, உடான் திட்டத்தின் கீழ் 2017-இல் பயணிகள் விமானம் ஐதராபாத்துக்குப் பறந்தது. சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த எங்கள் அரியலூர் மாவட்டத்திலும் அப்படியொன்று அமைய வேண்டும் என நான் வாதிட வரவில்லை. திருமழபாடியில் இருப்பவருக்குத் திருச்சி விமான நிலையமே போதும். அமைந்துவிட்ட தளத்தைப் பொதுப் பயன்பாட்டில் நிலைநிறுத்தும் ஒப்பந்தத்துக்கு ஆகும் செலவு, பின்னாளில் புதிய ஓடுபாதைக்காக விளைநிலம் கையகப்படுத்தும் செலவில் சிறு பங்குகூட இராது. பேளகொண்டப்பள்ளி உரிமையாளருடன் அப்படியோர் ஒப்பந்தம் பேசுவதற்கு 2033 வரை காத்திருக்கத் தேவையில்லை.