பெயருண்டு, நிலமில்லை: தொலைக்காட்சித் தொடர்களும் தென்சென்னைப் புறநகரும்

ஆங்கிலத்தில் ‘ரெப்ரசென்டேஷன்’ என்னும் ஒரே சொல் இரு பணிகளைச் செய்கிறது. ஒன்றைத் தீட்டிக் காட்டுதலும் அதுவே. ஒருவருக்காக மற்றொருவர் நின்று பேசுதலும் அதுவே. தமிழில் முன்னது சித்திரிப்பு, பின்னது பிரதிநிதித்துவம். தொண்ணூறுகளில் இக்கோட்பாடு தமிழ்த் திறனாய்வுக்குள் பரவலாக நுழைந்தபோது இவ்விரு சொற்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக ஆளப்பட்டமை உண்டு. எனினும் தமிழ் தந்துள்ள இப்பிரிவினை தொலைக்காட்சித் தொடரின் வரலாற்றை நோக்குவார்க்குப் பெரிதும் பயன்படுவது. ஒரு மக்களைச் சித்திரிக்காமலே அவர்தம் பிரதிநிதியாக ஒரு கலைவடிவம் நிற்க இயலும். அதற்குத் தாம்பரமும் அதனைச் சூழ்ந்த புறநகர்களும் சான்று.

தாம்பரம் இருப்புப்பாதையால் வளர்ந்த ஊர். 1928-இல் சௌரிமுத்து என்னும் மருத்துவர் காசநோயாளர்க்கென இங்கு ஒரு மருத்துவமனை அமைத்தார். ‘சானடோரியம்’ என்பது பின்னர் ஊர்ப்பெயராகவே நிலைத்தது. 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிற்று. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து இங்குப் பெயர்ந்தது. 1984-இல் ஏற்றுமதிக்கான தொழில் மண்டலம் வந்தது. ஆடைத் தைப்பிலும் மின்னணுப் பொருள்களிலும் பெண்கள் பெருமளவில் வேலை பெற்றனர். தென்மாவட்டங்களிலிருந்து இரவு வண்டியில் வந்து விடியலில் இறங்கியோர் பலர் நகருக்குள் போகாமல் சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் என மனை வாங்கித் தங்கினர். ஆகவே இப்பகுதியில் ‘சொந்த ஊர்’ என்றால் அது பெரும்பாலும் வேறோர் ஊரைக் குறிக்கும்.

இவ்வாறு வந்து கூடியவர்களைப் பொதுவான ஒரு மாலைப்பொழுதுக்குப் பழக்கியதில் தொலைக்காட்சிக்குப் பங்குண்டு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பெற்றது. மாடிகளில் ஏரியல் எழுந்தது. பெட்டி உள்ள வீட்டில் தெருவே கூடிற்று. அக்காலத்து நாடகங்கள் சபா மேடையின் வழிவந்தவை. கதை மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ நிகழும். பேச்சும் பெரும்பாலும் அவ்விடத்துப் பேச்சே. இதனைக் குறையாகச் சொல்வார் உளர். குறைதான், ஆயினும் அந்நாடகங்களுக்கு ஒரு நிலம் இருந்தது என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

அந்நிலையத்தின் ‘எதிரொலி’ நிகழ்ச்சி ஈண்டு நினைக்கத்தக்கது. நேயர் எழுதிய கடிதங்கள் அதில் படிக்கப்பட்டன. நிலையத்தார் விடை கூறினர். பார்ப்பவர் வாளா இருப்பவரல்லர் என்பதற்கு அதுவே சான்று. பர்மிங்காமில் ஸ்டூவர்ட் ஹால் 1973-இல் முன்வைத்த கருத்தும் இதுவேயாகும். படைப்போர் ஒரு பொருளை ஏற்றி அனுப்புவர். பார்ப்போர் அதனை ஏற்கலாம், தம் நிலைக்கேற்ப வளைத்துக் கொள்ளலாம், மறுக்கவும் செய்யலாம் என்றார் அவர். ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த அவர், அடையாளம் என்பது முன்பே முடிந்துவிட்ட ஒன்றன்று, சித்திரிப்புக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருப்பது என்றும் கூறினார். ஊர்விட்டு வந்தவரின் கூற்று இது. தாம்பரத்தார்க்கு எளிதில் விளங்கும்.

நெதர்லாந்தில் ஐயன் ஆங் என்னும் அறிஞர் ‘டாலஸ்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றி ஓர் இதழில் விளம்பரம் செய்து, தமக்கு வந்த 42 கடிதங்களைக் கொண்டு ஒரு நூல் செய்தார். எண்ணெய்ச் செல்வரின் மாளிகை வாழ்வு அக்கடிதம் எழுதியோர்க்குச் சற்றும் பொருந்தாதது. ஆயினும் அத்தொடரை மெய்யென்றனர் பலர். சூழல் பொய், உணர்ச்சி மெய். இதனை உணர்ச்சி மெய்ம்மை என்றார் ஆங்.

இந்த இடத்தில் தமிழ் மாணவர்க்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இராது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றனுள் உரியே சிறந்தது என்பது அவ்விலக்கண நெறி. முதலும் கருவும் இன்றி உரி மட்டும் நின்ற பாட்டும் அகப்பாட்டே. எனவே நிலமில்லாத தொடரைத் தொல்காப்பியம் கொண்டு உடனே தள்ளிவிட இயலாது. ஆனால் அகமரபில் மற்றொரு கட்டுப்பாடு உண்டு. தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படாது. அவள் எவளுமாகலாம், அவள் நிற்கும் புனமோ கானலோ மட்டும் நன்கு தெரியும். சின்னத்திரை இதனைத் தலைகீழாக்கிற்று. அங்கே அவளுக்குப் பெயருண்டு. அவள் எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்பது தெரியாது.

இம்மாற்றம் சன் தொலைக்காட்சி 1993-இல் தோன்றிய பின் விரைந்தது. 1999-இல் தொடங்கிய ‘சித்தி’, 2002-இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’, 2003 முதல் 2009 வரை 1500 பகுதிகளைக் கடந்து ஓடிய ‘கோலங்கள்’ ஆகியவை தமிழ்க் குடும்பங்களின் அடுப்பங்கரை நேரத்தையே மாற்றியமைத்தன. ‘சித்தி’ உறவுப்பெயரையே தலைப்பாக்கியது. மாற்றாந்தாய் கொடியவள் என்ற பழங்கதைப் பதிவை அது எதிர்கொண்டு திருத்தியது, இது சிறுசெயலன்று. ‘மெட்டி ஒலி’ ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தந்தையின் கதை. புகுந்த வீட்டில் பெண் படும் பாட்டை அது நாள்தோறும் காட்டியபோது புறநகர் வீடுகள் அதனைத் தம் வழக்காகவே ஏற்றன. பிரதிநிதித்துவம் என்ற அளவில் இதனினும் மிகுதியாக ஒரு தொடர் என்ன செய்ய முடியும்?

எனினும் அவ்வீடு எங்குள்ளது? வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பகுதிகளில் படப்பிடிப்புக்கென வாடகைக்கு விடப்பட்ட வீடுகளின் கூடங்களிலும் படிக்கட்டுகளிலும் அக்கதைகள் பெரும்பாலும் நிகழ்ந்தன. நாள்தோறும் ஒரு பகுதி முடியவேண்டும். தெருவில் இறங்கிப் படம்பிடித்தால் நேரமும் பணமும் கூடும். தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்தை விலைக்கு எடுத்து, விளம்பரம் விற்று ஈடுசெய்த முறையில் இக்கணக்கு முதன்மையானது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழரும் பார்த்தனர் ஆதலின் ஊர் தெரியாமல் இருப்பதே வாணிகத்துக்கு நலம்.

இதன் விளைவு பேச்சில் வெளிப்பட்டது. எந்த வட்டாரத்துக்கும் உரியதல்லாத ஒரு நடுத்தரத் தமிழ் தலைமக்களுக்கு வாய்த்தது. சென்னைத் தமிழ் பேசுவோர் வேலைக்காரராகவோ அடியாளாகவோ நகைப்புக்கு உரியவராகவோ வந்தனர். சாதி பெயரளவிலும் சொல்லப்படவில்லை. பூசையறையும் திருமணச் சடங்கும் அதனைச் சொல்லிவிடும். அகத்தின் பெயரின்மை எல்லாரையும் உள்ளே அழைப்பது. தொடரின் ஊரின்மையோ சிலரை உள்ளே வைத்துக்கொண்டு அதுவே எல்லாரும் என்று சொல்வது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது பிழை. எம்.ஜி.ஆர். படிமம் குறித்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் வெளியிட்ட ஆய்வு, ஏழையரின் பண்பாட்டுக்கூறுகளைத் தன்னுட்கொண்டே அவர்களைக் கட்டிப்போடும் திரைப்படத்தின் ஆற்றலைக் காட்டிற்று. அத்தகைய நுண்ணோக்கு சின்னத்திரைக்கு அதே அளவில் கிட்டவில்லை. பெண்கள் பார்ப்பது தானே என்ற இளக்காரம் அதற்கு ஒரு காரணம் எனலாம்.

சானடோரியம் நிலையத்தில் மாலையில் வண்டிக்கு நின்ற ஏற்றுமதி மண்டலப் பெண் தொழிலாளி, வீடு சேர்ந்து தொடர் பார்த்தவள். தொடரில் வேலைக்குச் செல்லும் பெண் அதிகாரியாகவோ முதலாளியாகவோ இருப்பாள். மாமியார் கொடுமையில் இவளுக்காக அவள் அழுவாள். இவளுடைய தையல் எந்திரமோ நின்றுகொண்டே கழியும் வேலைநேரமோ அங்கு இடம்பெறுதல் அரிது.

பின்னர் நிலம் திரும்பி வந்ததுண்டு. 2010-இல் தொடங்கிய ‘நாதஸ்வரம்’ காரைக்குடியில் ஊன்றி நின்றது. அதன் ஆயிரமாவது பகுதி 2014-இல் அங்கிருந்தே நேரலையாக ஒளிபரப்பாயிற்று. ஆனால் வந்த நிலம் சொந்த ஊரின் நிலம். விட்டுவந்த ஊர் திரைக்கு வந்தது; வந்து தங்கிய ஊர் வரவில்லை.

‘கோலங்கள்’ இங்கு மீண்டும் நோக்கத்தக்கது. அதன் தலைவி அபி கட்டுமானத் தொழிலில் முன்னேறியவள். அவளுக்குத் துணைநின்ற நண்பனின் பெயர் தொல்காப்பியன். இயக்குநர் திருச்செல்வமே ஏற்று நடித்த பாத்திரம். பெயர் வைத்தவர் முதற்பொருளை நினைத்தாரோ இல்லையோ! அத்தொடர் ஓடிய ஆண்டுகளிலேதான் தென்சென்னைப் புறநகரில் வயலும் ஏரிக்கரையும் மனைகளாயின. கட்டுபவள் தலைவியாயிருந்தும், கட்டப்பட்ட நிலம் எது, அதில் முன்பு நீர் நின்றதா என்பன அக்கதையின் கேள்விகளாகவில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்தபோது முடிச்சூர், வரதராசபுரம் என்னும் பெயர்கள் சின்னத்திரையில் நாள் முழுதும் ஒலித்தன. செய்தியில் ஒலித்தன. அம்மாடிகளில் படகுக்காகக் காத்து நின்றவர்களுள் ஆறாண்டுக் காலம் அபியின் கதையைப் பார்த்தவர்களும் இருந்திருப்பர்.