ஓம்புயிரும் வந்தவரும்: மருந்துக்கு அடங்காத கிருமியின் சரித்திரம் பற்றிச் சில குறிப்புகள்

அகதிகளின் உடல்நலம் குறித்த அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரு சொல் என்னைத் தடுத்து நிறுத்துகிறது: 'விருந்தோம்பும் சமூகம்'. அகதி ஒரு பக்கம், விருந்தோம்பும் சமூகம் மறுபக்கம். பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தைத் திறந்தால் இதே சொல் வேறொரு ஜோடியோடு நிற்கிறது. அங்கே விருந்தோம்பிக்கு எதிரில் இருப்பது ஒட்டுண்ணி. தற்செயல்தான் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் சொல் சும்மா கிடப்பதில்லை. மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பற்றிய பேச்சு முகாமின் பக்கம் திரும்பும்போது இரண்டு ஜோடிகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே கிருமி 'அங்கிருந்து வந்தது', 'இங்கே பரவியது' என்றொரு கதையாடல் தயாராகிவிடுகிறது. இந்தக் கதையாடலுக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. கிருமிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன.

முதலாவது மண்டபத்தில் தொடங்குகிறது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே நிறுத்திச் சோதித்தது. தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர்களுக்குத் தட்டப்பாறை. 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறந்தபிறகு மண்டபம். குளிப்பாட்டல், உடுதுணியை ஆவியில் வைத்தல், அம்மை குத்தல், பிறகு நாள்கணக்கில் அடைப்பு. துரைமாருக்கு அந்தக் கொட்டகை கிடையாது, தோட்டக்கூலிக்குத்தான். காலராவும் அம்மையும் இந்தியக் கூலியின் உடம்பில் ஏறி வருகின்றன என்பது வாதம். லயத்து நெரிசல், அழுக்குத் தண்ணீர், அரைவயிறு என்று தோட்டம் உண்டாக்கிய நோய்களுக்கும் சேர்த்து அந்த உடம்பே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஃபூக்கோ 1975இல் எழுதிய சிறைச்சாலை பற்றிய நூலில் இரண்டு நகரங்களை எதிரெதிரே வைக்கிறார்: தொழுநோயாளியை வெளியே தள்ளிவிடும் நகரம், கொள்ளைநோய்க் காலத்தில் வீடு வீடாக ஆள் எண்ணும் நகரம். மண்டபம் இந்த இரண்டையும் ஒரே வேலிக்குள் செய்தது. 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நான்கு தலைமுறை மலையில் வாழ்ந்தவர்கள் 'திரும்பி வருகிறவர்கள்' ஆகி மண்டபம் வந்தார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு ஈழத்திலிருந்து படகேறியவர்களும் அதே மண்டபத்துக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். போகிறவனைச் சோதிக்கக் கட்டிய இடம் வருகிறவனைச் சோதிக்கும் இடமாயிற்று. ஆளும் திசையும் மாறின, பார்வை மாறவில்லை.

இனிக் கிருமியின் சரித்திரம். குளோராம்ஃபெனிக்கால் 1948இல் டைபாய்டுக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. எமன் வாசலிலிருந்து ஆளைத் திருப்பிய மருந்து என்று எங்கள் தாத்தா காலத்தவர்கள் சொல்வார்கள். 1972இல், நமக்குப் பக்கத்தில், கோழிக்கோட்டில் அந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டு கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. பணிக்கரும் விமலாவும் 'நேச்சர்' இதழில் எழுதியது வெறுமனே 'அடங்கவில்லை' என்பதை மட்டுமல்ல. அந்த எதிர்ப்பு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது என்பதையும். குடலுக்குள் வேறு வேறு இனப் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு எதிர்ப்பு மரபணுவைக் கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. தீட்டை அடிக்கணக்கில் அளந்த திருவிதாங்கூரில் பிறந்தவன் என்பதால் இந்தச் செய்தி எனக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷத்தைத் தருகிறது. அது இருக்கட்டும். கோழிக்கோட்டுக்கு அதைக் கொண்டுவர அகதி யாரும் தேவைப்படவில்லை.

1992ஐ இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். ராஜீவ் கொலைக்கு (1991 மே) அடுத்த ஆண்டு அது. ஈழ அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலை மும்முரமாக நடந்தது. முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் போகத் தடைகள் வந்தன. அகதி என்றாலே சந்தேகம். அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் சென்னையில் அதுவரை உலகம் அறியாத காலரா ஒன்று, ஓ139 என்று பின்னால் எண்ணிடப்பட்டது, வெளிப்பட்டது. சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் என்று போயிற்று. சென்னைக் கிருமியை ஆராய்ந்தபோது பல மருந்துகளுக்கு எதிரான மரபணுக்களை ஒரே பொதியாகச் சுமக்கும் ஒரு துண்டு அதில் கண்டறியப்பட்டது. 1996இல் அது வெளியிடப்பட்டது. காலராக் கிருமிகளில் இன்று அந்தக் குடும்பத்துத் துண்டுகள் உலகெங்கும் காணப்படுகின்றன. படகை நோக்கி ஆட்களைத் தள்ளிக்கொண்டிருந்த மாநிலத்தின் தலைநகரம், தன் சாக்கடையிலிருந்து ஒன்றை உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கு விசா கேட்டவர் யாருமில்லை.

பெயர் வைத்த கதை வேறு. 2008இல் புதுதில்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு சுவீடன் திரும்பிய ஒருவரிடம் கார்பாபெனெம் என்ற கடைசிவரிசை மருந்தையே உடைக்கும் நொதி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு நகரத்தின் பெயரையே வைத்தார்கள்: என்.டி.எம்-1. 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை வெளிவந்ததும் தேசம் கொதித்துப்போனது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். ஒரு ஊரின் பெயரைக் கிருமியின் நெற்றியில் ஒட்டுவது அநியாயம் என்பது எனக்கும் உடன்பாடே. ஆனால் அவ்வளவு ரோஷப்பட்ட நாம், மறு ஆண்டு தில்லித் தெருவில் தேங்கிய நீரில் 171 மாதிரி எடுத்ததில் 51இலும், குழாய்த் தண்ணீரில் 50க்கு 2இலும் அந்த மரபணு இருந்தது என்ற முடிவு வந்தபோது தண்ணீருக்காக அவ்வளவு கொதிக்கவில்லை. அதற்கு முன்பே, 2007இல், ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேவிட்ட நீரில் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது வெளியாகியிருந்தது. நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். மருந்துக்கு அடங்காத கிருமிக்குப் பண்ணை வைத்தது யார்?

ஐரோப்பாவிலும் இதே பேச்சுதான். அங்கே வந்து சேர்ந்தவர்களைப் பற்றிய 23 ஆய்வுகளை, 2319 பேரை, ஒன்றுசேர்த்து 2018இல் வெளியான மதிப்பீடு இரண்டு விஷயங்களைச் சொன்னது. அகதிகள், தஞ்சம் கோரியோரிடையே சுமார் 33 விழுக்காட்டினரிடம் மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தது. ஆனால் அது ஊர்க்காரர்களிடம் பெருமளவில் தொற்றியதற்குச் சான்று இல்லை. முகாம் நெரிசலும், வழிநெடுக வைத்தியம் கிடைக்காததும் அதற்கான காரணங்களாகப் பேசப்பட்டன. முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களை நாம் தமிழிலும் பார்க்கலாம்.

நாஞ்சில் நாட்டுக்கு வருகிறேன். பெருமாள்புரம், பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை என்று இந்த மாவட்டத்தில் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. 7469 புதிய வீடுகள் அறிவிக்கப்பட்டன. நல்லதுதான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை என்பது அப்படியே நிற்கிறது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நாகர்கோவிலில் பெயிண்ட் அடிக்கப் போகிற முப்பது வயதுக்காரர் எந்த நாட்டுக் கிருமியைச் 'சுமந்து வந்தவர்'? அவர் குடிக்கிற தண்ணீர் நம்முடையது. அவர் தின்கிற கறிக்கோழி நம் பண்ணையது. கோலிஸ்டின் என்ற கடைசி மருந்தைக் கோழித் தீவனத்தில் கலப்பதற்கு இந்தியாவில் தடை வந்ததே 2019 ஜூலையில்தான்.

மெடிக்கல் ஷாப்பும் நம்முடையதே. மாலையில் கொஞ்ச நேரம் அங்கே நின்று பார்த்தால் போதும். "அண்ணாச்சி, முழு அட்டை வேண்டாம். ரெண்டு நாளைக்குத் தாருங்க, பொறவு பாக்கலாம்." கேட்பவர் முகாமிலிருந்து வந்தாரா, தோவாளையிலிருந்து வந்தாரா என்று பேச்சை வைத்துச் சொல்லிவிடலாம், கேட்கிற விஷயத்தை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு நாள் மாத்திரையில் பலவீனமான கிருமி சாகிறது, தாங்கிக்கொண்டது மிஞ்சிப் பெருகுகிறது. முகாம்காரருக்கு மேலதிகமாக ஒன்று உண்டு: ஆள் கணக்கெடுப்பு. செக்கிங் நாளில் பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் பணக்கொடைக்குச் சிக்கல். ஆகவே ஆஸ்பத்திரியில் படுக்கும் நாளை நோய் மட்டும் முடிவுசெய்வதில்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் அடைக்கப்பட்டவர்களுக்கு இணையாகக் குணமானதை 1959இல் காட்டியது. மருந்து முழுதாகக் கிடைப்பதும் அதை முழுதாகச் சாப்பிடுவதும்தான் விஷயம். ஆள் எண்ணுவதில் அரைநூற்றாண்டு காட்டிய அக்கறையை மாத்திரை எண்ணுவதில் காட்டியிருக்கலாம்.

களியக்காவிளை எல்லையையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கம் கேரளம் 2018லேயே இதற்கென்று மாநிலச் செயல்திட்டம் போட்டது. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைச் சோதிக்கத் தனி நடவடிக்கையும் எடுத்தது. மெச்ச வேண்டிய காரியம். ஆனால் 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்து நடுக்கல்லூர்ப் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டபிறகு அவர்களே லாரி வைத்துத் திருப்பி அள்ளிப்போக நேர்ந்தது. ஊசியும் பஞ்சும் செக்போஸ்ட் தாண்டியிருக்கின்றன.

அதே சமயம் நம்ம ஊர்ப் பையன் வளைகுடாவுக்குப் போக மெடிக்கலுக்குப் போய் நிற்கிறான். மார்புப் படத்தில் ஆறிப்போன பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலும் 'அன்ஃபிட்'. அந்தச் சொல் அவன் வீட்டில் என்ன செய்யும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மண்டபத்து வேலியின் உட்பக்கம் எப்படியிருக்கும் என்பது நாஞ்சில் நாட்டுக்குப் புதிதல்ல.

ஆகவே முகாமில் 'பரிசோதனை' நடத்த யாராவது திட்டம் கொண்டுவந்தால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வேலிக்கு வெளியேயும் அதே குச்சியால் மாதிரி எடுப்பீர்களா என்பது. இரண்டாவது கேள்வி இன்னும் சாதாரணமானது. எந்த மருந்து கேட்கும் என்று கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களின் கூலியை, பெருமாள்புரத்துப் பெயிண்டருக்கும் தோவாளைப் பூக்கட்டும் பெண்ணுக்கும், யார் கொடுப்பது?