ஒரே நோயாளி, இரண்டு பயிற்சிகள்

மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதய வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமலிருக்க தினமும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். சர்க்கரைக்கு கிளைமிபிரைடு. இப்போது காசநோயும் சேர்ந்துகொண்டது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு வார்ஃபரினை வேகமாகச் சிதைக்கும். அதனால் வார்ஃபரின் அளவைக் கூட்ட வேண்டிவரும். சர்க்கரை மாத்திரையின் வீரியமும் குறையும்.

மருத்துவர்கள் இதைக் கவனித்து அளவைக் கூட்டிவிடுவார்கள். பெரிய ஆபத்து ஆறு மாதம் கழித்து வருகிறது. காசநோய் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசின் நின்றதும், சில வாரங்களில் நொதிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கூட்டிவைத்த வார்ஃபரினைப் படிப்படியாகக் குறைக்காவிட்டால் ரத்தக்கசிவு ஏற்படலாம். அந்தச் சமயத்தில் அவர் எந்த ஓ.பி.யில், யார் எழுதிய சீட்டில் மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார்? அவருடைய எல்லா மருந்துகளையும் ஒருசேரப் பார்க்கும் ஆள் யார்?

இத்தகைய நோயாளிகளைக் கவனிக்க நம் ஊரில் இரண்டு வகை இளைஞர்கள் தயாராகிறார்கள். ஒருவர் எம்.டி. பொது மருத்துவம் படிக்கும் மருத்துவர். மற்றவர் பார்ம்.டி. படித்து மருத்துவமனைப் பயிற்சிக்கு வரும் மருந்தாளுநர். இருவரின் பயிற்சியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. மருத்துவருக்குப் படிப்பு, பொறுப்பு, பணியிடம் மூன்றும் ஒரே சங்கிலியாக இணைந்திருக்கின்றன. மருந்தாளுநருக்குப் படிப்பைக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் கொடுக்காமல் விட்டுவிட்டோம்.

படிகள்

மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. அதோடு இணைந்த அன்றைய எர்ஸ்கின் மருத்துவமனைதான் இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை; மக்கள் வாயில் பெரியாஸ்பத்திரி. மதுரை மட்டுமல்லாமல் தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டத்து மக்களும் நம்பி வரும் இடம் இது. இங்கே எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஓராண்டு ஹவுஸ் சர்ஜனாக எல்லாத் துறைகளையும் சுற்றி வருகிறார். பிறகு நீட் முதுநிலைத் தேர்வெழுதி எம்.டி.யில் சேர்ந்தால் மூன்றாண்டுகள். அந்த மூன்றாண்டும் அவர் மாணவராகவும் முழுநேரப் பணியாளராகவும் இருக்கிறார். அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது.

பார்ம்.டி. 2008இல் இந்திய மருந்தியல் கவுன்சில் கொண்டுவந்த விதிமுறைகளால் பிறந்தது. ஐந்தாண்டு படிப்பு, ஆறாம் ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. அந்த ஓராண்டில் ஆறு மாதம் பொது மருத்துவத் துறையிலும், மீதி ஆறு மாதம் வேறு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதமாகவும் பணியாற்ற வேண்டும். பயிற்சி தரும் மருத்துவமனையில் குறைந்தது 300 படுக்கைகள் வேண்டும் என்பது விதி. மதுரையிலும் விருதுநகர் மாவட்டத்திலும் தனியார் கல்லூரிகள் இந்தப் படிப்பை நடத்துகின்றன. சொந்த மருத்துவமனை இல்லாத கல்லூரிகள் பெரிய மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மாணவர்களை அனுப்புகின்றன.

பார்ம்.டி.யின் ஆறாம் ஆண்டை எம்.டி. பயிற்சிக்கு நிகராகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஹவுஸ் சர்ஜன் ஆண்டுக்கு நிகரானது. பட்டம் கையில் வருமுன் செய்யும் சுற்றுப்பயிற்சி அது. மருத்துவருக்கு அதன்பின் இன்னொரு படி இருக்கிறது; மருந்தாளுநருக்கு அங்கேயே ஏணி முடிந்துவிடுகிறது. எம்.பார்ம். மருந்தியல் நடைமுறைப் பிரிவு இரண்டாண்டுப் படிப்புதான் என்றாலும், அதில் வகுப்பும் ஆய்வேடும் முன்னால் நிற்கின்றன. வார்டின் முழுப் பொறுப்பு அதில் இல்லை. பல பார்ம்.டி. மாணவர்கள் உதவித்தொகை எதுவும் இல்லாமலே ஆறாம் ஆண்டைக் கடக்கிறார்கள்.

மருந்தைப் பற்றிய கல்வியில் மட்டும் தராசு மறுபக்கம் சாய்கிறது. எம்.பி.பி.எஸ்.ஸில் மருந்தியல், இரண்டாம் கட்டப் படிப்பில் வரும் ஒரு பாடம். பார்ம்.டி. மாணவர் மருந்துச் சிகிச்சையியலை இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் தொடர்ந்து படிக்கிறார். உடலுக்குள் மருந்தின் அளவு எப்படி ஏறி இறங்குகிறது, ரத்தத்தில் அதை எப்படி அளந்து டோஸை மாற்றுவது என்பதை ஐந்தாம் ஆண்டில் தனிப் பாடமாகப் படிக்கிறார். நம் விவசாயியின் வார்ஃபரின் கணக்கு அவருக்குப் பாடத்தின் நடுவில் இருக்கும் விஷயம்.

கேஸ் ஷீட்டில் யார் எழுதுகிறார்

பயிற்சியின் உயிர் பொறுப்பில் இருக்கிறது. எம்.டி. மாணவர் அட்மிஷன் நாளில் நோயாளியைச் சேர்க்கிறார், கேஸ் ஷீட்டில் எழுதுகிறார், மருந்தைத் தொடங்குகிறார். மறுநாள் சீஃப் ரவுண்ட்ஸில் அதற்குப் பதில் சொல்கிறார். ஏன் இந்த ஆன்டிபயாடிக், ஏன் இந்த டோஸ், கிரியாட்டினின் பார்த்தாயா என்று எல்லார் முன்னிலையிலும் கேள்வி வரும். முதலாண்டு மாணவர் செய்வதை மூன்றாமாண்டு மாணவர் மேற்பார்க்கிறார். அவருக்கு மேல் உதவிப் பேராசிரியர். எல்லாருக்கும் மேல் யூனிட் சீஃப். ஆண்டு ஏற ஏறப் பொறுப்பும் ஏறும். கடைசியில் வெளித் தேர்வாளர்கள் நோயாளியின் பக்கத்திலேயே நிற்கவைத்துத் தேர்வு வைக்கிறார்கள்.

பார்ம்.டி. மாணவரும் அதே வார்டில் நிற்கலாம், அதே நோயாளியின் மருந்துகளைப் படிக்கலாம், கலக்கக் கூடாத இரண்டு மருந்துகள் கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அவர் கண்டது பெரும்பாலும் கல்லூரி கொடுத்த படிவத்துக்குத்தான் போகிறது. அந்தப் படிவம் கல்லூரிக் கோப்பில் சேர்கிறது. கேஸ் ஷீட்டைத் தொடுவதில்லை. மருத்துவர் காதுகொடுத்தால் யோசனை நோயாளிக்குப் பயன்படும்; அவர் அவசரத்தில் இருந்தால் படிவத்தோடு நின்றுவிடும். தன் சொல்லுக்கு விளைவு உண்டு என்று தெரியாத இடத்தில் எந்த இளைஞரும் முழுத் தொழிலாளியாக வளர்வதில்லை.

ஆசான் யார்

எம்.டி. மாணவருக்குக் கற்றுத்தரும் சீஃப், அந்த வார்டை நடத்தும் அதே மருத்துவர். கற்பித்தலும் வைத்தியமும் ஒரே கையில் இருக்கின்றன. பார்ம்.டி. மாணவரின் ஆசிரியர் கல்லூரிச் சம்பளத்தில் இருப்பவர்; வார்டுக்கு விருந்தாளியாக வருகிறார். மருத்துவமனையின் சொந்த மருந்தாளுநரோ மருந்தகத்திலும் கிடங்கிலும் இருக்கிறார். கற்றுத்தருபவருக்கு வார்டில் பதவி இல்லை. பதவியில் இருப்பவருக்கு வார்டில் வேலை இல்லை. மருந்தாளுநர் பயிற்சியின் மிகப் பெரிய பள்ளம் இதுதான்.

கிடங்கு வேலையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. 1994இல் பதிவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தக் கொள்முதல், மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் மருந்துக் கணக்குக்கு ஒரு பாஸ்புக் என்று மருந்து வழங்கலையே திருத்தி அமைத்தது. அதைப் பார்த்துக் கேரளமும் ராஜஸ்தானும் இதே போன்ற கழகங்களை அமைத்தன. இன்டென்ட் போடுவது, பேட்ச் எண் பார்ப்பது, காலாவதித் தேதி முந்துவதை முதலில் வெளியே அனுப்புவது என்று இந்த ஏற்பாட்டைத் தினமும் ஓடவைத்தவர்கள் நம் அரசு மருந்தாளுநர்கள். அரிய மருந்தையும் ஏழையின் படுக்கை வரை கொண்டுவந்து சேர்த்த பெருமை அவர்களுடையது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுவாசலுக்கே கொண்டுபோகிறது. மருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அது சரியான ஆளுக்கு, சரியான அளவில், சரியான காலம்வரை போகிறதா என்று பார்க்கும் வேலைக்குத்தான் இன்னும் ஆள் போடவில்லை.

காத்திருக்கும் நாற்காலி

எம்.டி. முடித்தவருக்கு உதவிப் பேராசிரியர் பதவி, மாவட்டத் தலைமை மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எனப் பல கதவுகள் திறக்கும். அவருடைய மூன்றாண்டுக்குத் தனி மதிப்பு உண்டு. அரசு மருந்தாளுநர் பணியிடத்துக்கு அடிப்படைத் தகுதி டி.பார்ம். பட்டயம். ஆறாண்டு படித்தவர் அங்கே போனால் கூடுதலாகப் படித்த நான்காண்டுக்கென்று வேறு வேலை காத்திருப்பதில்லை. மருந்தியல் நடைமுறை விதிமுறைகள் 2015இல் வந்தன. 2021இல் அவற்றைத் திருத்தி ‘கிளினிக்கல் பார்மசிஸ்ட்’ என்ற பணியையும் சேர்த்தார்கள். தாளில் பதவி வந்துவிட்டது. மருத்துவமனைப் பணியிடப் பட்டியலில் அது வந்தால்தான் பயிற்சிக்குப் பொருள் பிறக்கும். பார்ம்.டி.யின் முதல் அணி 2014இல் வெளியே வந்தது. அதன்பின் படித்துவந்த எத்தனையோ பேர் மருந்து நிறுவனங்களின் பாதுகாப்புத் தரவுப் பிரிவுகளுக்கும், மருத்துவக் கோடிங் வேலைக்கும், வெளிநாடுகளுக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிச்சிகனில் நடந்தது

அமெரிக்காவிலும் மருந்தாளுநர் ஒருகாலத்தில் மருந்தறைக்குள்தான் இருந்தார். 1927இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹார்வி விட்னி, மருந்தாளுநருக்கான மருத்துவமனைப் பயிற்சியை முதன்முதலாகத் தொடங்கினார். 1942இல் மருத்துவமனை மருந்தாளுநர்களுக்கென்று ஓர் அமைப்பு உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1960களில் அந்த அமைப்பு பயிற்சி இடங்களை ஆய்ந்து அங்கீகாரம் தரத் தொடங்கியது. 1966இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாம் மாடியில் மருந்தாளுநர்கள் வார்டுக்குள்ளேயே இடம்பிடித்து, மருத்துவரோடும் செவிலியரோடும் நின்று வேலைசெய்தார்கள். இன்று அங்கே பார்ம்.டி. முடித்தவர் ஓராண்டு ரெசிடென்சி செய்கிறார். புற்றுநோய், தீவிர சிகிச்சை போன்ற துறைகளுக்கு இரண்டாம் ஆண்டும் உண்டு. சம்பளம் உண்டு, மேற்பார்வை செய்யும் மூத்த மருந்தாளுநர் உண்டு, முடிக்கவேண்டிய ஓர் ஆய்வும் உண்டு.

இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்பதற்கு ஒரு சான்று போதும். பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனை ஐ.சி.யு.வில், மருத்துவர்களின் ரவுண்ட்ஸில் ஒரு மருந்தாளுநரும் சேர்ந்துகொண்டார். மருந்து எழுதுவதில் நேரும், தடுக்கக்கூடிய பாதிப்புகள் 1,000 நோயாளி நாட்களுக்கு 10.4 ஆக இருந்தவை 3.5 ஆகக் குறைந்தன. 1999இல் வெளியான ஆய்வு இது.

அங்கேயும் குறை இருக்கிறது. விண்ணப்பிக்கும் எல்லாருக்கும் ரெசிடென்சி இடம் கிடைப்பதில்லை. நம் எம்.டி. பயிற்சியிலும் முடிவில்லாத டியூட்டியும் தூக்கமின்மையும் இளைஞர்களை வாட்டுகின்றன. அந்தப் பகுதியை மருந்தாளுநர் பயிற்சிக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. கொண்டுவர வேண்டியது மூன்று: படிப்படியாக ஏறும் பொறுப்பு, வார்டிலேயே வேலைசெய்யும் ஆசான், முடித்தபின் ஒரு பணியிடம்.

மதுரையால் முடியும்

வேலையைச் சரியாகப் பிரித்து, அதற்கென ஆளைத் தயார்செய்தால் மருத்துவமனையே மாறும் என்பதை உலகுக்குக் காட்டிய ஊர் இது. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களுக்கு அங்கேயே பயிற்சி கொடுத்துக் கண் பரிசோதனையும் அறுவை உதவியும் செய்யவைத்ததால், மருத்துவர்களின் நேரம் அறுவைக்குக் கிடைத்தது. லட்சக்கணக்கானோர் பார்வை பெற்றதற்கு அந்தப் பயிற்சியும் ஒரு காரணம்.

இராசாசி மருத்துவமனைக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. மதுரை மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே அரசின் மருந்தியல் கல்லூரியும் இயங்குகிறது. மருத்துவப் பேராசிரியரும் மருந்தியல் பேராசிரியரும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கிறார்கள். பார்ம்.டி.யோ எம்.பார்ம். மருந்தியல் நடைமுறையோ முடித்தவர்களுக்கு ஓராண்டு ரெசிடென்சியை இங்கே தொடங்கலாம். பொது மருத்துவம், ஐ.சி.யு., குழந்தைகள் பிரிவு என மாதங்களைப் பிரிக்கலாம். காசநோய்க்குத் தோப்பூர் நெஞ்சக மருத்துவமனை இருக்கிறது. எம்.டி. மாணவர்களை மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு அனுப்பும் திட்டம் 2020இல் வந்தது. அதைப்போலவே இவர்களையும் மேலூர், உசிலம்பட்டி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பலாம். பாம்புக் கடிக்கும் பூச்சிமருந்து விஷத்துக்கும் முதலில் மக்கள் ஓடிவரும் இடங்கள் அவை. பாம்பு விஷமுறிவு மருந்து இருப்பில் இருக்கிறதா, அதைக் குழந்தைக்கும் பெரியவர் அளவே தரவேண்டும் என்பது டியூட்டியில் இருப்பவருக்குத் தெரியுமா, ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் மருந்தாளுநர் கவனிக்க வேண்டியவை.

கேஸ் ஷீட்டில் மருந்தாளுநருக்கென்று ஒரு பக்கம் வேண்டும். அதில் எழுதுவதற்கு அவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும். மருத்துவர் அதை ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தைக் குறிக்க வேண்டும். எம்.டி. மாணவர் சீஃப் முன்னால் பதில் சொல்லிப் பழகுவதுபோல மருந்தாளுநரும் பழகுவார். 2019இல் அடிக்கல் நாட்டிய தோப்பூர் எய்ம்ஸ் புதிதாக எழும் நிறுவனம். அங்கே இந்தப் பதவியை முதல் நாளிலிருந்தே பணியிடப் பட்டியலில் சேர்க்கலாம்.

முதலாண்டு ஆறு இடங்கள் போதும். ஆறு உதவித்தொகை, இரண்டு மூத்த மருந்தாளுநர்கள், ஓர் அரசாணை: ஒரு மருத்துவக் கல்லூரியின் செலவுக் கணக்கில் இது பெரிய சுமை அல்ல. எம்.டி. பயிற்சியை நாம் ஒருபோதும் தனியார் ஒப்பந்தத்துக்கும் மாணவரின் நல்ல மனதுக்கும் விட்டுவிட்டதில்லை. நோயாளி விழுங்கும் மருந்தும் அதே அளவு அரசின் பொறுப்பு. அதைக் கவனிக்கும் மருந்தாளுநரை உருவாக்கும் பொறுப்பையும் அரசே ஏற்க வேண்டும்.