கோவாத் தூள்

சீர்காழிப் பக்கத்தில் சேற்றில் நின்று உழைக்கிறவர்களுக்குப் படர்தாமரை வந்தால் சீமையகத்தி இலையை அரைத்துப் பூசுவது பழைய வைத்தியம். வண்டுகொல்லி என்றும் அதற்குப் பெயர்.

அதே நோய்க்கு மேற்குக் கரையில் 19-ஆம் நூற்றாண்டில் ‘கோவாத் தூள்’ விற்றது. பெயர்தான் கோவா; சரக்கு, போர்ச்சுகீசியர் பிரேசில் நாட்டு மரமொன்றிலிருந்து கொண்டுவந்தது. ஐரோப்பிய வைத்தியர்களும் அதைத் தோல் நோய்களுக்குக் கையாண்டார்கள். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனிக்குச் சரக்கு வருவது தடைப்பட்டது. 1916-இல் அங்கேயே ஒரு மாற்று மருந்து செய்துகொண்டார்கள். அதுதான் டைத்ரனால்.

1990-களில் அதற்கு இன்னொரு பிறவி வாய்த்தது. பிளாஸ்டிக் வகைப் பாலிமரின் மூலக்கூறு நீண்ட சங்கிலி. அதை நிறுக்க வேண்டுமானால் பறக்கவிட வேண்டும். வெறுமனே சூடேற்றினாலோ அறுந்துபோகும். 1985-இல் ஜப்பானியர் டனாகா, கோபால்ட் பொடியில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்ததில் பெரிய மூலக்கூறுகளைப் பறக்கவிட வழி பிறந்தது. 2002-இல் நோபல் பரிசும் கிடைத்தது. பிறகு வேறு வேறு பொருள்களைத் தேடியவர்கள் டைத்ரனாலையும் எடுத்தார்கள். பாலிஸ்டைரீனோடு அதையும் சிட்டிகை வெள்ளியுப்பையும் கலந்து உலர்த்தி, லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். அடியை டைத்ரனால் வாங்கிக்கொள்கிறது. சங்கிலி அறாமல் கிளம்புகிறது. பறக்கும் நேரமே எடையைச் சொல்லிவிடும்.

சீமையகத்தி இலையிலும் டைத்ரனாலுக்கு உறவுக்காரச் சத்து ஒன்று, கிரைசோபனால், இருக்கிறது. பரிசு பெற்றவர் பெயரைச் சரித்திரம் குறித்துக்கொண்டது. அந்தத் தூளை முதன்முதலில் தன் தோலில் தேய்த்துப் பார்த்த ஏழையின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.